எதோடு முளைக்கிறது காளான்?

கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘கோனிகை’ என்ற சொல் ஒரு மருத்துவரின் பெயர். லின்னேயஸிடம் பாடம் கேட்ட ஜொஹான் கெரார்டு கோனிக், 1768இல் தரங்கம்பாடியின் டேனியர் குடியிருப்புக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். செடிகொடிகள்தான் அவர் துறை. ஆனாலும் கறையானைப் பற்றி அவர் எழுதிய ஜெர்மன் கட்டுரை ஒன்று 1779இல் பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. புற்றுக்குள் பூஞ்சை வளர்கிறது என்ற செய்தி ஐரோப்பிய ஏட்டில் ஏறிய வரலாற்றைச் சொல்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அதே கட்டுரையில் வேறொன்றும் இருந்தது. 1781இல் ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய ஹென்றி ஸ்மீத்மன் அதை எடுத்துச் சொல்கிறார். ஈசல் பறப்பதற்கு முன்பே மக்கள் புற்றில் இரண்டு துளை போடுகிறார்கள். காற்று போகும் பக்கத்துத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்துகிறார்கள்; பானையின் உட்புறம் கறிவேப்பிலை தேய்க்கப்பட்டிருக்கிறது. காற்று வரும் பக்கத்தில் நாற்றமெடுக்கும் பொருள்களைக் கொளுத்திப் புகை போடுகிறார்கள். ஈசல் வந்து பானையில் விழுகிறது. சில சமயம் நல்ல பாம்பும் வரும் என்பதால் கவனமாக இருக்கிறார்கள். பிடித்ததை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்கிறார்கள்.

எந்தப் புற்றில் குடி இருக்கிறது, எது பாழ். ஈசல் கிளம்ப இன்னும் எத்தனை நாள். காற்று எந்தப் பக்கம் திரும்பும். உள்ளே வேறு யார் படுத்திருக்கக்கூடும் என்பதெல்லாம் தெரிந்த கை வைத்த பானை அது. ஆனால் புற்றுக்குள் பூஞ்சை இருப்பது கண்டுபிடிப்புக் கணக்கில் எழுதப்பட்டது. பானை ஊர் வழக்கம் என்ற கணக்கில் போனது. அந்தக் கணக்கு இன்னும் முழுதாக மாறவில்லை. பழங்குடி மக்களின் காட்டுக்காளான் அறிவைப் பற்றி இப்போது வரும் ஆய்வேடுகளைப் புரட்டினால் பெரும்பாலானவை ஓர் அட்டவணையில் போய் நிற்கும்: உள்ளூர்ப் பெயர், அறிவியல் பெயர், தின்னலாமா, எந்த நோய்க்கு. அட்டவணை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அது ‘இது எந்தக் காளான்’ என்ற கேள்விக்கு விடை தருகிறது. காட்டில் காளான் எடுப்பவர் முதலில் கேட்பது இன்னொரு கேள்வி: இது எதோடு முளைக்கிறது? எந்தப் புற்றின் மேல், எந்த மரத்தடியில், எந்த மழைக்குப் பின்? இந்த அறிவு காளானை அதன் துணையோடு சேர்த்தே அறிகிறது. துணையிலிருந்து பிரித்தெடுத்தால் அது நிற்பதில்லை. சில நேரம் உயிருக்கே ஆபத்தாகவும் ஆகிறது. அதை மெய்ப்பிக்கச் சான்றுகள் நிறையவே உண்டு. எதிர்வாதங்களும் உண்டு, அவற்றில் சில வலுவானவை.

புற்றுக்காளானை எடுத்துக்கொள்வோம். கறையான்களில் ஏறத்தாழ 330 இனங்கள் கொண்ட ஒரு துணைக்குடும்பம் பூஞ்சை வளர்ப்பது. அவை சருகையும் காய்ந்த மரத்தையும் தின்று வந்து, அரைகுறையாகச் செரித்த எச்சத்தைக் கூட்டுக்குள் அடுக்குகின்றன. மூளையைப்போல மடிப்பு மடிப்பாக, விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும் பழுப்புக் கட்டியாக அது வளர்கிறது. டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சை அதன்மேல் படர்ந்து, கறையான் வயிற்றுக்கு முடியாத மரப்பொருளை உடைத்துக் கொடுக்கிறது. கட்டியின் மேல் குண்டூசித் தலை அளவில் வெள்ளை முடிச்சுகள் தோன்றும். கறையானுக்கு அதுதான் சோறு. இந்தக் கூட்டுக்குடித்தனம் ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று மரபணு ஆய்வுகள் கணிக்கின்றன. மழைக்காலத்தில் அதே பூஞ்சை மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து குடை விரிப்பதுதான் புற்றுக்காளான். பேராதனைத் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய டாம் பெட்ச் 1906இல் இலங்கையின் கறையான் கூட்டுப் பூஞ்சைகளைப் பற்றி விரிவாக எழுதினார். பிரெஞ்சு ஆய்வாளர் ரோஜே ஹெய்ம் 1942இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் தென்னிந்தியாவிலிருந்து புதிய இனம் ஒன்றை விவரித்து, அதற்கு ஹெய்மின் பெயரையே சூட்டினார். அது ஏட்டில் ஏறுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே உலையில் ஏறியிருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எடுக்கத் தெரிந்த கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். குடையைப் பிடித்து ஒடிப்பதில்லை. தண்டின் அடியில் விரலை விட்டு ஈரமண்ணைத் தளர்த்தி, மெல்ல இழுக்கிறது. புற்றுக்காளானுக்கு வேர்போல ஒரு வால் உண்டு. சாண் ஆழம், சிலவற்றில் முழ ஆழம் என்று இறங்கி, கூட்டுக்குள் இருக்கும் அந்தப் பழுப்புக் கட்டியில்தான் அது முடியும். குடையின் உச்சியில் கெட்டியான ஒரு கூர்முனை. மண்ணைத் துளைத்து வருவதற்கான கருவி. வாலும் கூர்முனையும் சேர்ந்திருந்தால் அது புற்றுக்குச் சொந்தமானது. அப்படியில்லாமல் தண்டின் அடியில் கிழிந்த பைபோல ஓர் உறை இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும். உலகில் காளான் நஞ்சால் நேரும் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணமான அமானிட்டா வகைகளுக்கு அந்தப் பை ஓர் அடையாளம். தரைக்கு மேலே கத்தி வைத்து அறுத்துச் செல்பவருக்கு வாலும் தெரியாது, பையும் தெரியாது. பிடுங்கி எடுப்பது பழக்கத்தால் வந்த முரட்டுத்தனம் என்று ஒருவர் நினைக்கலாம். உண்மையில் இனங்காணும் சோதனையே அந்த இழுப்பில்தான் இருக்கிறது. ‘புற்றுக்காளான்’ என்ற பெயரும் வெறும் பெயர் அல்ல. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லும் கட்டளை அதில் இருக்கிறது.

காலக்கணக்கும் இப்படித்தான். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது தமிழ்க் கிராமங்களிலும் உண்டு, ஜார்க்கண்டின் காடுகளிலும் உண்டு. ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தில் வளர்ப்புக் காளான்களுக்குச் செயற்கை மின்னல்போன்ற அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தபோது சில இனங்கள் கூடுதலாக விளைந்தன. உடனே ‘முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்று கிளம்பிவிடுவது நம் ஊரில் வழக்கம். அதற்கு அவசரம் இல்லை. வெப்பம் தணிவதும் மண் நனைவதும் காற்றில் ஈரம் ஏறுவதும் இடியும் ஒன்றாக வருபவை. அவற்றில் காளானை எழுப்பியது எது என்பது ஆய்வகத்தின் கேள்வி. எடுக்கப் போகிறவருக்கு வேண்டியது காரணம் அல்ல, அடையாளம். விடிவதற்குள் எந்தப் புற்றடிக்குப் போக வேண்டும் என்பதை அவருக்கு இடி சொல்லிவிடுகிறது. குடை விரிந்து ஒரு நாள் ஆனால் புழு வைத்துவிடும் என்பதால் மொட்டு நிலையிலோ பாதி விரிந்த நிலையிலோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். சில கறையான் இனங்கள் கூட்டுக்கட்டியைத் துகள் துகளாக வெளியே கொண்டுவந்து கொட்டும். அதன்மேல் சின்னஞ்சிறு வெள்ளைக் காளான் நூற்றுக்கணக்கில் முளைக்கும். மலையாளத்தில் அதற்கு அரிக்கூண் என்று பெயர், அரிசி சிந்தியதுபோல் இருப்பதால். ஜாம்பியாவிலோ இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொன்றின் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும். சாலையோரத்தில் நின்று அதைத் தூக்கிப் பிடித்து விற்பார்கள். 1980இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. உலகின் மிகப் பெரிய உண்ணும் காளானை ஏடு அறிந்துகொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று.

இன்னொன்றையும் கவனிக்கலாம். சிப்பிக் காளானையும் மொட்டுக் காளானையும் வைக்கோலிலும் உரத்திலும் வளர்த்து விற்கிறோம். புற்றுக்காளானை அப்படி ஊர் ஊராகப் பண்ணை போட்டு வளர்க்கும் முறை இன்றுவரை கைகூடவில்லை. பூஞ்சை இழையை ஆய்வகக் குடுவையில் வளர்க்கலாம். கறையான் இல்லாமல் அதைக் குடை விரிக்க வைப்பதுதான் தலைவலி. துணையைப் பிரித்தால் காளானே மறுக்கிறது என்றால், அந்தக் காளானைப் பற்றிய அறிவு மட்டும் துணையில்லாமல் நிற்கும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

சத்தீஸ்கரிலும் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பரந்திருக்கும் சால மரக்காடுகளுக்குப் போனால் இந்த உறவு இன்னும் துலக்கமாகும். ராஞ்சிப் பக்கம் ருக்டா, பஸ்தரில் போடா என்று சொல்லப்படும் காளானுக்குக் குடையே கிடையாது. கோலிக்குண்டு அளவு உருண்டை. மண்ணுக்குள் புதைந்தோ பாதி தலைநீட்டியோ கிடக்கும். முதல் மழைகளில் பெண்கள் குச்சியால் மண்ணைக் கிளறி எடுத்துவருவார்கள். நறுக்கினால் உள்ளே தேங்காய்ப் பருப்புப்போல வெள்ளையாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் முற்றிவிட்டது என்று எறிந்துவிடுவார்கள். சிராவண மாத நோன்புக்காக இறைச்சியை விட்டிருக்கும் ராஞ்சிக்காரர்கள் இதை ஆட்டுக்கறிக்கு ஈடாகச் சமைப்பதால், பருவத் தொடக்கத்தில் விலை ஆட்டுக்கறியை எட்டும், தாண்டும். இந்தக் காளான் சால மரத்தின் வேரோடு பிணைந்து வாழ்வது. பூஞ்சை இழை மண்ணிலிருந்து நீரும் சத்தும் இழுத்து மரத்துக்குக் கொடுக்க, மரம் சர்க்கரையைக் கொடுக்கிறது. இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருப்பதை அறிவியல் 1885இல்தான் பெயரிட்டு அழைத்தது. பிரஷ்ய அரசு ட்ரஃபிள் காளானைப் பயிரிட வழி தேடச் சொல்லி ஆல்பர்ட் ஃபிராங்க் என்ற தாவரவியலாளரை அமர்த்தியது. பயிரிட அவருக்கு வழி கிடைக்கவில்லை, ஆனால் வேரும் பூஞ்சையும் சேர்ந்து ஓர் உறுப்பாக இருப்பதைக் கண்டார். காளானைத் தேடியவருக்கு அதன் துணை அகப்பட்டது.

1978 வாக்கில் சிங்பூமில் சால மரங்களை வெட்டிவிட்டுத் தேக்கு நட வனத்துறையின் கழகம் முனைந்தபோது ஆதிவாசிகள் அதை எதிர்த்து எழுந்தார்கள். சால் எங்கள் நாடு, தேக்கு உங்கள் அரசு என்ற கருத்தில் முழக்கங்கள் பிறந்தன. அந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் சால விதையையும் இலையையும் விறகையும் சொல்வார்கள். காளானையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேக்கின் வேரோடு சேரும் பூஞ்சைகள் வேறு வகை. அவை தரைக்கு மேல் காளானாக வருவதே இல்லை. ஆகவே சாலுக்குப் பதில் தேக்கு என்பது ஒரு மரத்துக்குப் பதில் இன்னொரு மரம் என்ற கணக்கில் அடங்காது. காகிதத்தில் காட்டின் பரப்பு ஒரு சென்டுகூடக் குறையாமல் இருக்கும். ஜூன் மாதத்துக் கூடை மட்டும் காலியாக வரும். ஒரு தலைமுறை கூடை காலியாக வந்தால் கிளறும் கைக்கு எங்கே கிளறுவது என்பது மறந்துபோகும். அறிவு அழிந்தது பள்ளிக்கூடத்தாலும் நகரமோகத்தாலும்தான் என்று சொல்லும் வழக்கமான புலம்பலில் பாதிதான் உண்மை. பல இடங்களில் அறிவுக்கு முன்பே அதன் மரம் வெட்டப்பட்டுவிட்டது.

சந்தாலி மொழியின் இலக்கணம் இதில் ஒரு விந்தையான சாட்சி. நாம் உயர்திணை, அஃறிணை என்று பிரிப்பதுபோல் அம்மொழி பெயர்ச்சொற்களை உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரிக்கிறது. மரமும் செடியும் உயிரற்ற பக்கம். காளான் ஆய்வில் பெயர்பெற்ற அமெரிக்கரான கோர்டன் வாசன், ஹெய்மோடு சேர்ந்து 1960களில் இந்தியாவின் கிழக்குப் பகுதிக்கு வந்தபோது, புட்கா என்ற காளான் மட்டும் உயிருள்ள பக்கம் வைக்கப்பட்டிருப்பதைப் பதிவு செய்தார். காரணம் கேட்டபோது, உடனே சமைக்காவிட்டால் அது பிணம்போல் நாறும் என்று அவருக்கு விடை கிடைத்தது. வாசன் இதிலிருந்து வேதகாலத்துச் சோமபானம் வரை ஒரு பாலம் கட்டினார்; அந்தப் பாலத்தில் நடக்க எனக்குத் துணிவில்லை. அந்த விடையைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வது மேல். அழுகலின் வேகத்தை அறிந்த ஒருவர், கீரையோடு சேர்க்காமல் இறைச்சியோடு சேர்க்க வேண்டிய பொருள் இது என்று இலக்கணத்தின் வழியாகவே நினைவூட்டிக்கொள்கிறார். காளான் செடியினம் அல்ல, தனி உலகம் என்று ராபர்ட் விட்டேக்கர் வகைப்படுத்தியது 1969இல். இரண்டும் ஒரே முடிவு என்று சொல்லவில்லை. செடிக்கூட்டத்தில் காளான் சரியாக ஒட்டவில்லை என்ற உறுத்தல் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, எல்லாரும் கேட்பது: இவ்வளவு அறிவு இருந்தும் காளான் தின்று ஏன் சாகிறார்கள்? 2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இறந்தவர்களின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அஸ்ஸாம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோட்டா நாக்பூரிலிருந்தும் அதைச் சுற்றிய சால மரக்காட்டுப் பகுதிகளிலிருந்தும் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். காளான் தின்னும் வழக்கம் கூடவே வந்தது. அந்தக் காடு வரவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் இதுவே காரணம் என்று அறுதியிட முடியாது. இருந்தாலும் இதே வடிவம் வேறு இடங்களிலும் திரும்பத் திரும்பத் தெரிகிறது. லாவோஸிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறியவர்கள் அங்கே ஓக் மரத்தடியில் கண்ட காளான் மொட்டை, தங்கள் ஊர் வைக்கோல் காளான் என்று எண்ணி எடுத்துத் தின்று கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. வைக்கோல் காளானுக்கும் அடியில் பை உண்டு. பையோடு முளைக்கும் நல்ல காளானை அறிந்த கண், பையோடு முளைத்த அமானிட்டா ஃபாலாய்டிஸை நம்பிவிட்டது. அவர்கள் ஊரில் இது வைக்கோலோடு முளைப்பது. இங்கே உயிருள்ள மரத்தின் வேரோடு முளைத்திருந்தது. உருவம் ஏமாற்றியது, துணை ஏமாற்றவில்லை. துணையைக் கேட்கும் பழக்கத்தைப் புலம்பெயர்வு அறுத்துவிட்டது. அந்த நஞ்சு உடனே வேலை காட்டாது. ஆறு மணி நேரத்துக்கு மேல், சிலருக்கு அரைநாள் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். இடையில் ஒரு நாள் தேறியதுபோல் இருக்கும். அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் நஞ்சு போகாது.

வெள்ளிக்காசு போட்டுக் கறுத்தால் நஞ்சு, பூச்சி தின்றிருந்தால் நல்லது, மஞ்சளோ பூண்டோ போட்டு நிறம் மாறினால் கெட்டது என்ற சோதனைகளையும் இங்கேயே பேசிவிடலாம். இவை எல்லாமே தவறு. நத்தை கூச்சமில்லாமல் நஞ்சுக்காளானைத் தின்னும். பழங்குடி அறிவு என்ற பெயரில் இவை இணையத்திலும் பத்திரிகைத் துணுக்குகளிலும் உலவுகின்றன. எல்லாக் காளானுக்கும் பொதுவான ஒரு விதியைத் தேடுபவர் யார் என்று யோசித்தால் விளங்கும்: தனித்தனியாக அறியாதவர். பத்துக் காளானைப் பெயரும் இடமும் சொல்லி அறிந்தவருக்கு வெள்ளிக்காசு தேவையில்லை. பதினோராவது காளானை அவர் தொடமாட்டார். சந்தையும் இந்த எல்லையைக் கலைக்கக்கூடும். சீனாவின் யுன்னான் மலைக்கிராமங்களில் பல ஆண்டுகளாக மழைக்காலத்தில் நல்ல உடம்புக்காரர்கள் திடீரென்று இதயம் நின்று இறந்துகொண்டிருந்தார்கள், நூற்றுக்கணக்கில். 2010இல் ஆய்வாளர்கள் ஒரு சின்ன வெள்ளைக் காளானைச் சுட்டிக்காட்டினார்கள். விலைபோகும் காளான்களையெல்லாம் விற்க அனுப்பிவிட்டு, விலைபோகாத அதை வீட்டுக்குச் சமைத்திருந்தார்கள். எச்சரிக்கை பரவியபின் சாவுகள் பெரிதும் குறைந்தன.

யுன்னான் எடுத்துக்காட்டு என் வாதத்துக்கு முழுதும் வசதியானதல்ல. அங்கே ஊரார் கண்டுபிடிக்காததை ஆய்வகம்தான் கண்டுபிடித்தது. இரண்டாவது எதிர்வாதம் இதுதான், முதலாவதைவிட ஆழமானது: மெதுவாகவோ எப்போதாவதோ தாக்கும் நஞ்சை மரபு காணத் தவறுகிறது. பாக்சிலஸ் இன்வொலூட்டஸ் என்ற காளானைக் கிழக்கு ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக வேகவைத்துத் தின்றார்கள். பலமுறை ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒருநாள் அது உடலின் எதிர்ப்பாற்றலைத் திருப்பிவிட்டுச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நேற்றுத் தின்றேன், நன்றாக இருக்கிறேன் என்ற அனுபவச் சான்று இங்கே செல்லாது. இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். மரபு சொன்னதாலேயே ஒன்று பாதுகாப்பானது என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் அந்தக் காளானால் 1944இல் இறந்தவர்களில் ஒருவர் ஜூலியஸ் ஷேஃபர். அவர் காளான் இனங்களைப் பகுத்து நூல் எழுதிய ஜெர்மானிய அறிஞர். அந்தக் காலத்தில் ஏடும் ஊரும் ஒன்றுபோல் குருடாகத்தான் இருந்தன. ஆகவே இது மரபுக்கு எதிராக அறிவியல் வென்ற வழக்கு அல்ல. நீண்ட காலத்தில் நேரும் தீங்கை எண்ணிக் கணக்கிடும் கருவி இரண்டுக்கும் தேவை, அது ஆய்வகத்திடம் பின்னால் வந்து சேர்ந்தது. அந்தக் கருவி யாரிடம் என்ன கேட்டு வேலை செய்கிறது என்பதில்தான் என் அக்கறை. யுன்னானிலும் யார் எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று ஊராரிடம் கேட்டபிறகே விடை கிடைத்தது.

மூன்றாவது எதிர்வாதம் நம் பக்கத்திலிருந்து வருகிறது: காளான் பஞ்சகாலத்து உணவு, வேறு வழியில்லாமல் தின்றதற்கு அறிவு என்ற பட்டம் எதற்கு? இந்தப் பார்வைக்கு வயது அதிகம். சங்கப் பாடல்களில் ஆம்பி பூத்த அடுப்பு வறுமையின் படமாக வருகிறது. உலை ஏறாத அடுப்பில்தான் காளான் முளைக்கும். ‘காளாம்பி’ என்ற சொல்லும் அப்படியொரு வறுமைக் காட்சியில்தான் வருகிறது. மனுஸ்மிருதி பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் இருபிறப்பாளருக்கு விலக்குகிறது. தெருவில் முளைத்ததை நாய்க்குடை என்கிறோம். தரமில்லாமல் பெருகும் எதையும் காளான்போல் முளைத்தது என்கிறோம். தமிழில் காளானுக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுக்கக் கவிஞர்கள் யாரும் முயன்றதாகத் தெரியவில்லை. அதே சங்கத் தொகையில் கபிலர் பாரியின் நாட்டைப் பாடும்போது, செம்புற்று ஈசலை மோரிலிட்டுச் சமைத்த உணவு வளத்தின் அடையாளமாக வருவதையும் மறக்கக் கூடாது. மலைநாட்டின் செழிப்பும் ஊர் அடுப்பின் வறுமையும் ஒரே புற்றைச் சுற்றி இருவேறு பார்வைகளாக நிற்கின்றன.

வாசனும் அவர் மனைவி வாலன்டினாவும் 1957இல் வெளியிட்ட நூலில் உலகத்து மக்களைக் காளான் விரும்பிகள், காளான் அஞ்சிகள் என்று இரண்டாகப் பிரித்தார்கள். மனைவி ரஷ்யர், தேன்நிலவில் காட்டுக்காளானைக் கண்டதும் மண்டியிட்டுப் பறித்தார், கணவர் பதறினார், அதிலிருந்து பிறந்த கோட்பாடு அது. ரஷ்யாவையும் இங்கிலாந்தையும் ஒப்பிட அது உதவலாம். இந்தியாவுக்கு அது பொருந்தாது. இங்கே கோடு நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில் ஓடவில்லை. காட்டுக்கும் அக்கிரகாரத்துக்கும், ஆதிவாசிக்கும் சாதி ஊருக்கும் இடையில் ஓடுகிறது. பசியில் தின்றார்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும் வாதம் தளர்வதில்லை. பசியில் தவறாகத் தின்றவர் சாட்சி சொல்ல இருக்கமாட்டார். பசியில் கற்ற பாடம் கறாராகத்தான் இருக்கும்.

பிரித்தெடுத்தல் எப்படி முடியும் என்பதற்கு மெக்சிகோ போதும். 1955 ஜூனில் வாசன் வாஹாகா மலையில் வாவுத்லா என்ற ஊரில், மசாதெக் இனத்தைச் சேர்ந்த மரியா சபினா என்ற மருத்துவச்சி நடத்திய இரவுச் சடங்கில் கலந்துகொண்டார். நோயாளிக்காக நடத்தப்படும் சடங்கு அது. காளான் அதில் ஒரு பகுதி, பாட்டும் இருளும் நோயாளியின் குடும்பமும் மற்றப் பகுதிகள். 1957இல் ‘லைஃப்’ இதழில் கட்டுரை வந்தது. ஊரையும் பெயரையும் மறைத்திருந்தும் பயனில்லை. மறு ஆண்டே சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் சைலோசைபின் என்ற மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார். போதை தேடிய கூட்டம் ஊரை மொய்த்தது, போலீஸ் வந்தது, மரியா சபினாவின் வீடு எரிக்கப்பட்டது. அயலார் வந்தபின் காளான் தன் ஆற்றலை இழந்துவிட்டது என்று அவர் பிற்காலத்தில் வருந்தினார். வேதியியல் பார்வையில் ஒரு மில்லிகிராம்கூடக் குறைந்திருக்காது. அவர் சொன்னது மூலக்கூறைப் பற்றி அல்ல.

அப்படியானால் எழுதி வைப்பதே தவறா? இல்லை, யார், எதோடு சேர்த்து எழுதுகிறார்கள் என்பதே கேள்வி. பிரேசிலின் யானோமாமி மக்களில் ஒரு பிரிவினரான சனோமாக்கள் 2016இல் தங்கள் காளான்களைப் பற்றித் தங்கள் மொழியிலும் போர்த்துகீசிலும் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஆய்வாளர்கள் இனப்பெயர்களுக்கு உதவினார்கள். காட்டைத் திருத்திக் கிழங்கு நட்ட தோட்டத்தில், வெட்டிச் சாய்த்த மரங்கள் மக்கும்போது அவற்றின்மேல் முளைப்பவை அந்தக் காளான்கள். ஆகவே நூல் காளானைப் பற்றிப் பேசும்போதே தோட்டத்தைப் பற்றியும், அதைக் கைவிட்டுக் காட்டை மீண்டும் வளரவிடும் முறையைப் பற்றியும் பேசியாக வேண்டியிருக்கிறது. மறு ஆண்டு அதற்குப் பிரேசிலின் ஜபூச்சி விருது கிடைத்தது. உலர்ந்த காளானும் அவர்கள் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது.

இந்தியாவில் 2001இல் தொடங்கிய மரபு அறிவு மின்னூலகம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி முதலிய மருத்துவ ஏடுகளிலிருந்து திரட்டப்பட்டது. ஏட்டில் ஏறாத காட்டறிவு அதன் வரம்புக்குள் வரவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதைவிட ஒரு படி முன்னே போய், பல்லுயிர் சார்ந்த மரபு அறிவுக்குச் சமூக உரிமை தருகிறது. காட்டின் சிறு விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருகிறது. சிறு விளைபொருள் எது என்று சொல்லுமிடத்தில் ‘தாவர மூலம் கொண்டவை’ என்று தொடங்கி மூங்கில், பிரம்பு, பட்டுக்கூடு, தேன், மெழுகு, அரக்கு, பீடி இலை, மூலிகை, வேர், கிழங்கு என்று அடுக்குகிறது. தேனீயும் அரக்குப்பூச்சியும் தாவரக் கணக்கில் சேர்ந்துவிட்டன. காளான் பெயர் சொல்லி எங்கும் வரவில்லை. அது தாவரமும் அல்ல. பட்டியலின் கடைசியில் ‘போன்றவை’ என்று பொருள்படும் ஒரு சொல் இருக்கிறது. மழை தொடங்கியதும் சால மரத்தடியைக் குச்சியால் கிளறிக் கூடையை நிரப்பிக்கொண்டு காட்டைவிட்டு வெளியே வரும் பெண்ணைச் சோதனைச் சாவடியில் யாராவது நிறுத்திக் கேட்டால், அவர் கிராமசபை அந்தக் கடைசிச் சொல்லைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.